புதிய மூட்டும் பழைய வாழ்வும்

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்து முடிகிறது. நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிலிருந்து பேணுபவன் என்பன அந்நான்கு. நான்காமவனுக்கு வள்ளுவர் இட்ட பெயர் உழைச்செல்வான். உரைகாரராகிய பரிமேலழகர் இக்கூறுகள் ஒவ்வொன்றையும் மீண்டும் நந்நான்காக விரித்துரைத்தார். நோயுற்றவனிடம் இருக்கவேண்டியவை என்று அவர் எண்ணிய நான்கில் முதலாவது பொருளுடைமை. மருத்துவன் வழி நிற்றல், நோயின் நிலையை எடுத்துரைத்தல், மருந்தினால் வரும் துன்பத்தைப் பொறுத்தல் ஆகிய மூன்றும் அதன் பின்னரே வருகின்றன. இவ்வுரையை மேல்வகுப்பில் படிப்பிக்கும் ஆசிரியர் எவரும் ஒரு கேள்வியைத் தாண்டிச் செல்ல இயலாது. பொருளில்லாதவனும் நோயுறுவானே, அவன் என் செய்வான்?

பரிமேலழகரைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. தம் காலத்து உண்மையை அவர் மறையாது எழுதினார். அவ்வுண்மையை மாற்றும் கடமை பின்வந்தோருடையது. அக்கடமையில் ஒரு பகுதி நம் நாட்டில் நிறைவேறியிருக்கிறது. யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரி 1850இல், அரசாங்க அதிபர் டைக் துரையின் முயற்சியால், தருமத்தை நம்பி நடக்கும் நிலையமாகத் தோன்றியது. 1907இல் அரசின் பொறுப்பில் வந்தது. 1951இல் நாடெங்கும் அரச மருத்துவமனைகளில் கட்டணம் ஒழிந்தது. 1945இல் வந்த இலவசக் கல்வியோடு சேர்த்து எண்ணத்தக்க மாற்றம் இது. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டில் தருமம் உரிமையாயிற்று. பரிமேலழகரின் பட்டியலில் முதலாவதாக நின்ற பொருளுடைமையை நம் மக்கள் சட்டத்தால் அடித்துவிட்டார்கள் என்றே சொல்லலாம்.

ஆயின் அது முற்றாக அழிந்ததா? இக்கேள்வியை ஆராய்தற்கு முழங்கால் மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சையை நாம் எடுத்துக்கொள்கிறோம். உயிர்காக்கும் சிகிச்சைகளைப் பற்றி அறநெறிப் பேச்சுக்கள் நிறைய உண்டு. முழங்கால் நோவினால் எவரும் உடனே இறப்பதில்லை. வயது போனால் கால் நோகத்தானே செய்யும் என்று வீட்டாரும் ஊராரும், சில வேளை நோயாளரும், எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். இவ்வாறு எளிதாகச் சொல்லப்படும் இடத்திலேயே ஒரு சமுதாயம் தன் மனிதரை எவ்வளவு மதிக்கிறது என்பது தெரியவரும்.

முதலில் நோயின் இயல்பைக் காண்போம். முழங்காலில் தொடையென்பின் கீழ்முனையும் கணைக்கால் என்பின் மேல்முனையும் சந்திக்கின்றன. முன்புறத்தில் சில்லென்பு காவல் நிற்கிறது. என்பு முனைகளை வழுவழுப்பான கசியிழையம் போர்த்தியிருப்பதால் ஒன்றன்மேல் ஒன்று உராயாமல் வழுக்கிச் செல்கின்றன. நடக்கும்போது இம்மூட்டின்மேல் உடல் நிறையின் இரண்டு மூன்று மடங்கு சுமை விழுகிறது. படியேறும்போது அதனினும் மிகும். கசியிழையத்திற்குள் குருதிக் குழாய்கள் இல்லை. ஆதலால் தோலில் பட்ட காயம் ஆறுவதுபோல் அதில் உண்டான கேடு எளிதில் ஆறுவதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல அது மெலிந்து, வெடித்து, உதிர்ந்து, ஈற்றில் என்பும் என்பும் உரசும் நிலை வருகிறது. மூட்டு வீங்குகிறது, காலையில் எழுந்தவுடன் இறுகி நிற்கிறது, கால் வில்போல் வளைகிறது. நோவு முதலில் நடையிலும் பின்னர் படுக்கையிலும் வருகிறது.

வயது, உடற்பருமன், பழைய காயம், பரம்பரை என்பன இதன் காரணங்களெனப்படும். ஆண்களிலும் பெண்களுக்கு இது கூடுதலாக வருகிறது. இவற்றோடு தொழிலையும் சேர்த்தல் வேண்டும். நெடுநேரம் குந்தியிருந்தும் முழந்தாளிட்டும் பாரம் தூக்கியும் உழைப்பவரின் முழங்கால் விரைவில் தேய்கிறது. பீக்கிங் நகரத்து முதியோரிடம் நடந்து 2004இல் வெளியான ஆய்வொன்று, இளமையில் நாள்தோறும் நீண்ட நேரம் குந்தியிருந்தவர்களிடம் இந்நோய் மிகுந்திருத்தலைக் காட்டியது. சிறிது நேரம் குந்துவதில் கேடில்லை. கேடு விளைவிப்பது, எழ விரும்பியபோது எழ முடியாதபடி குந்தியிருக்கச் செய்யும் வேலை.

குடாநாட்டில் அத்தகைய வேலைகளுக்குக் குறைவில்லை. வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களில் வெங்காயம் நடுவதும் களை பிடுங்குவதும் கிண்டுவதும் குந்தியிருந்து செய்யும் வேலைகள். பெரும்பாலும் பெண்களின் நாட்கூலி வேலைகள். கிடுகு பின்னுவதும் நிலத்திலேயே. சுருட்டுக் கொட்டில்களில் காலை மடித்திருந்து சுருட்டியவர்களையும், காலையும் மாலையும் பனையேறிய தொழிலாளரையும், கரையில் வலையிழுத்தவர்களையும் நாம் மறத்தல் கூடாது. வீட்டில் நிலத்தடுப்பும் அம்மியும் திருவலையும் இருந்த காலத்தில் சமைத்தவர்கள் இன்றைய பாட்டிமார். அவர்களின் முழங்காலில் தேய்ந்து போனது நம் எல்லாருடைய சோறும் கறியுமாக மாறியிருக்கிறது. 'வயதின் தேய்வு' என்று பொதுப்படச் சொல்வதில் இந்தக் கணக்கு மறைந்துவிடுகிறது.

தேய்ந்த மூட்டெல்லாம் கத்திக்கு உரியதென்பது நம் கருத்தன்று. தொடைத் தசைகளை வலுவாக்கும் பயிற்சி, நிறையைக் குறைத்தல், நோகாத பக்கத்துக் கையில் ஊன்றுகோல், அளவான நோவுமருந்து என்பனவே முதற் சிகிச்சை. பலருக்கு இவையே போதும். இவற்றை முறையாகச் செய்த பின்னும் நோவு உறக்கத்தைக் கெடுத்து, நடையைச் சில அடிகளாகச் சுருக்கும்போதுதான் மூட்டு மாற்றத்தைப் பற்றி எண்ணுதல் தகும். இதனையும் விளம்பரப் பொருளாக்கி, பணமுள்ளவர்க்குத் தேவைக்கு முன்பே செய்வதும் நடக்கக்கூடும். வேண்டியவர்க்குக் கிடையாமையும் வேண்டாதவர்க்கு விற்கப்படுதலும் ஒரே சந்தை முறையின் இரு விளைவுகள்.

மூட்டை மாற்றுதல் என்றவுடன் முழங்காலையே கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்துவார்கள் என்று பலர் அஞ்சுகின்றனர். நடப்பது அதுவன்று. கெட்டுப்போன மேற்பரப்பை ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் அளவுக்குச் சீவி நீக்கி, தொடையென்பின் முனைக்குக் கோபால்ற் குரோமியக் கலப்பு உலோகத்தாலான மூடியும், கணைக்கால் என்பின் தலைக்கு உலோகத் தட்டும் பொருத்துகின்றனர். இரண்டுக்கும் இடையில், உதிர்ந்துபோன கசியிழையத்தின் வேலையைச் செய்ய, உறுதியான பிளாஸ்டிக் துண்டொன்று வைக்கப்படுகிறது. பெரும்பாலும் என்புச் சீமெந்தினால் இவை ஒட்டப்படுகின்றன. தசைகளும் பக்கத்து இணையங்களும் நோயாளருடையனவே. முள்ளந்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ் மரக்கச் செய்து ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் இதனை முடித்துவிடுவர்.

இந்நிலைக்கு வர ஒரு நூற்றாண்டு சென்றது. 1890இல் பெர்லினில் தெமிஸ்தோக்கிளிஸ் குளுக் என்பார் காசநோயால் அழிந்த முழங்காலில் தந்தத்தாலான கீலைப் பொருத்திப் பார்த்தார். அவர் பொருத்திய மூட்டுக்கள் கிருமித்தொற்றினால் நிலைக்கவில்லை. இங்கிலாந்தில் ஜோன் சாண்லி இடுப்பு மூட்டுக்கு உலோகமும் பிளாஸ்டிக்கும் இணைந்த வழியைக் கண்ட பின்னர், அவரிடம் பயின்ற கனடிய மருத்துவர் பிராங் கன்ஸ்ரன் 1968இல் அம்முறையை முழங்காலுக்குக் கொண்டுவந்தார். 1974இல் நியூயோர்க்கில் ஜோன் இன்சோலும் அவருடைய துணைவரும் அமைத்த வடிவமே இன்றைய மூட்டுக்களின் முன்மாதிரி. பல நாட்டு நோயாளரின் பதிவுகளைத் தொகுத்து 2019இல் வெளியான ஆய்வொன்றின்படி, பொருத்திய மூட்டுக்களில் நூற்றுக்கு 82 வரையில் இருபத்தைந்து ஆண்டுகள் நிலைக்கின்றன. மனித அறிவின் பெருமைகளுள் இதனையும் வைத்து எண்ணலாம். எனினும் குறைகளையும் சொல்லுதல் நேர்மை. நூற்றுக்கு ஒருவர் அளவில் மூட்டினுள் கிருமித்தொற்று வருகிறது; காலின் நாளங்களில் குருதி உறைதலும் உண்டு; ஐந்தில் ஒருவர் வரையில் எதிர்பார்த்த நிறைவைப் பெறுவதில்லை.

கத்தியின் வேலை இங்கு முடிகிறது. நோயாளரின் வேலை இங்குதான் தொடங்குகிறது. அன்றோ மறுநாளோ அவரை எழுப்பி நிற்கச் செய்வர். கணுக்காலை மேலும் கீழும் அசைத்துக் குருதி தேங்காமற் பார்த்தல், முழங்காலை நீட்டிப் படுக்கையோடு அழுத்துதல், சிறிது சிறிதாக மடக்குதல் என்பவற்றை நாளுக்குப் பல தடவை செய்தல் வேண்டும். சில வாரங்களில் முழங்கால் செங்கோணமளவு மடங்காவிட்டால் உள்ளே தழும்பு இறுகிப் பின் மடக்குதல் கடினமாகும். படியேறும்போது நல்ல காலும் இறங்கும்போது சிகிச்சை பெற்ற காலும் முந்துதல் வேண்டும். நடைச் சட்டமும் ஊன்றுகோலும் ஏறக்குறைய ஆறு வாரங்களுக்குத் துணை. வீட்டுவேலை பெரும்பாலும் இயல வரும்போது மூன்று மாதம் ஆகியிருக்கும். வீக்கம் முற்றாக வற்றித் தசை பழைய வலுப்பெற ஓர் ஆண்டும் ஆகலாம்.

இதில் ஒரு தனித்தன்மை உண்டு. குடல்வால் வெட்டப்பட்டவர் படுத்திருந்தாலும் புண் ஆறும். முழங்கால் மாற்றப்பட்டவர் படுத்தேயிருந்தால் சிகிச்சை தோற்றுவிடும். நோவை அஞ்சி அசையாத கால் இறுகுகிறது. நோவுக்குள்ளே அசைத்த கால் விடுபடுகிறது. மருந்தினால் வரும் துன்பத்தைப் பொறுத்தல் என்று பரிமேலழகர் சொன்ன தகுதி இங்கு முழுப்பொருளும் பெறுகிறது. அப்பயிற்சியை மருத்துவர் செய்ய இயலாது, மகன் செய்ய இயலாது, காசு கொடுத்து வேறொருவரைக் கொண்டு செய்விக்கவும் இயலாது. இதனைக் கண்டு சிலர், எல்லாம் நோயாளரின் மனவுறுதியில் இருக்கிறது என்ற முடிவுக்கு வருகின்றனர். இம்முடிவை நாம் சற்று நிறுத்தி ஆராய்தல் வேண்டும்.

வெங்காயத் தோட்டத்தில் நாட்கூலிக்கு வேலை செய்யும் அறுபத்திரண்டு வயதுப் பெண்ணொருவரை எண்ணிப் பார்ப்போம். இவர் நாம் ஊர்தோறும் காணும் பலரின் கூட்டுருவம். கணவர் இல்லை. ஒரு மகள் திருமணமாகிப் பிள்ளைகளோடு வேற்றூரில் இருக்கிறார். வீட்டில் இரண்டு பேரப்பிள்ளைகள் இவரை நம்பிப் பள்ளிக்கூடம் போகின்றனர். அரச மருத்துவமனையில் இவருக்குச் சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டுவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். மருத்துவருக்குக் கட்டணமில்லை, கட்டிலுக்குக் கட்டணமில்லை. ஒரு வாரத்தில் வீடு திரும்புகிறார். வீட்டில் அடுப்பு நிலத்தில். மலசலகூடம் குந்தியிருக்கும் வகை, அதுவும் முற்றத்தைத் தாண்டி. கிணற்றடியில் வழுக்கும் பாசி. நுண்கடன் தவணைக்குக் கிழமைதோறும் ஆள் வரும். கூலி இல்லாத ஆறு வாரத்தை, பன்னிரண்டு வாரத்தை இவர் எதைக் கொண்டு நிரப்புவார்? நாளுக்கு மூன்று தடவை கதிரையில் இருந்து காலை நீட்டி மடக்கவேண்டும் என்று தாளில் எழுதியிருக்கிறது. வீட்டில் கதிரை இல்லை.

மூன்றாம் வாரத்தில் இப்பெண் அடுப்படியில் குந்துகிறார். ஐந்தாம் வாரத்தில் தோட்டத்துக்குப் போகிறார். கால் இறுகிவிடுகிறது, அல்லது வீங்கிவிடுகிறது. சொன்னபடி செய்யவில்லை என்று அடுத்த வருகையில் இவருடைய பதிவில் எழுதப்படலாம். எழுதுபவர் பொய் சொல்லவில்லை. ஆயினும் உண்மை முழுவதும் அதிலில்லை. அரச உத்தியோகத்தர்க்கும் நம்மைப் போன்ற ஆசிரியர்க்கும் மருத்துவ விடுமுறை உண்டு. சம்பளத்தோடு காலை மடக்கி நீட்டலாம். அதே மருத்துவமனையில், அதே கையால், அதே வகை மூட்டைப் பெற்ற இருவருள் ஒருவர் நடக்கிறார், மற்றவர் முடங்குகிறார் என்றால், மனவுறுதி என்ற சொல் அவ்வேறுபாட்டை விளக்கப் போதாது. மனவுறுதி வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. உறுதியுள்ள மனம் ஊன்றி நிற்க ஒரு தரையும் வேண்டும். அத்தரை காலம். உழைப்பை விற்று அன்றன்று உண்பவரிடம் விற்காமல் வைத்திருக்கும் காலம் இல்லை.

ஆகவே 1951இல் முன்வாசலால் வெளியேற்றிய பொருளுடைமை பின்வாசலால் திரும்பி வந்திருப்பதைக் காண்கிறோம். சில வேளை அது பணமாகவே வருகிறது. மூட்டுப்பொருள் கையிருப்பில் இல்லாது நோயாளரே வாங்க நேர்ந்தாலும், தனியார் மருத்துவமனையை நாட நேர்ந்தாலும் அதன் விலை ஒரு கூலிக்குடும்பத்தின் பல மாத வருவாயை விழுங்கிவிடும். இவ்விலை இயற்கை விதியன்று. இந்தியாவில் 2017 ஆகஸ்ட் மாதத்தில் அரசின் மருந்து விலை நிர்ணய ஆணையம், சராசரியாக 1,58,324 ரூபாவுக்கு விற்ற சாதாரண வகை மூட்டுக்கு வரி நீங்கலாக 54,720 ரூபாவே உச்ச விலை என்று வரையறுத்தது. ஒரே நாளில் மூன்றில் இரண்டு பங்கு குறைந்தும் அங்கே மூட்டு மாற்றுதல் நின்றுவிடவில்லை. பணத்தின் வடிவில் வரும் தடையைச் சட்டம் தகர்க்க முடியும் என்பதற்கு இது சான்று. காலத்தின் வடிவில் வரும் தடையைப் பற்றியே நாம் இன்னும் பேசத் தொடங்கவில்லை.

இங்கு எதிர்வாதங்களைக் கேட்டாக வேண்டும். குழந்தைகளின் மருந்துக்கே தட்டுப்பாடுள்ள நாட்டில் முதியோரின் முழங்காலுக்குச் செலவு செய்வது நீதியா என்பது ஒன்று. இதனை இலேசாகத் தள்ளிவிட முடியாது. 2022 மார்ச் மாத இறுதியில் பேராதனைப் போதனா வைத்தியசாலை, மருந்தின்மையால், முன்குறித்த சத்திரசிகிச்சைகளை நிறுத்திவைக்க நேர்ந்தது. அவசர சிகிச்சைகளுக்கே இடமிருந்தது. அத்தகைய நாளில் உயிர் முந்துவதும் முழங்கால் பிந்துவதும் சரியே. ஆனால் பிந்துதல் வேறு, இல்லையென்று ஆதல் வேறு. நெருக்கடி நீங்கிய பின்னும் 'உயிருக்கு ஆபத்தில்லாதது' என்ற பெயரால் வரிசையின் அடியிலேயே ஒருவரை ஆண்டுக்கணக்கில் வைத்திருத்தல், அவருடைய நோவுக்கு மதிப்பில்லை என்று தீர்ப்பளித்தலாகும். அத்தீர்ப்பின் அடியில் இன்னொரு கணக்கும் ஒளிந்திருக்கிறது: இனி உழைக்கமாட்டாத காலைத் திருத்தி என்ன பயன்? மனிதரை உற்பத்திக் கருவியாக மட்டும் காணும் கணக்கு அது. தோட்டத்துக்குத் திரும்பவே புதிய மூட்டு என்று நாமும் வாதாடினோமானால், அதே கணக்கை வேறு பக்கத்தில் எழுதியவர்களாவோம். ஒரு மூதாட்டி இரவில் நோவின்றி உறங்குவதும் அயல் வீட்டுக்குத் தாமே நடந்து போய் இருந்து கதைப்பதும் தம்மளவிலேயே நன்மைகள். வேறு பயன் காட்டி அவற்றுக்கு அனுமதி பெறவேண்டியதில்லை.

பெற்றோரைப் பேணுவது பிள்ளைகளின் கடன், அரசும் சமுதாயமும் அதில் ஏன் தலையிடவேண்டும் என்பது மற்றொரு வாதம். பிள்ளைகளின் அன்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் போரும் புலப்பெயர்வும் நம் வீடுகளைச் செய்திருப்பதென்ன? தாய் மானிப்பாயிலும் மகன் தொரன்ரோவிலும் மகள் இலண்டனிலும் இருக்கின்றனர். அவர்கள் அனுப்பும் பணம் தனியார் மருத்துவமனையின் கட்டணத்தைக் கட்டுகிறது. நாள்தோறும் தொலைபேசியில் முகமும் பார்க்கின்றனர். இரவு இரண்டு மணிக்குத் தாய் மலசலகூடம் போகவேண்டும்போது தோள் கொடுக்க அம்முகம் உதவாது. அதற்கு ஊரிலிருந்து ஒரு பெண்ணைச் சம்பளத்துக்கு வைக்கின்றனர். அவர் யார்? பெரும்பாலும் தோட்டக் கூலியை விட்டு வந்த, ஐம்பதைத் தாண்டிய, தாமும் முழங்கால் நோவோடு நடக்கும் ஒருவர். நிலத்திலிருந்து வீட்டுக்கார அம்மாவின் காலை மடக்கி நீட்ட உதவும் அவருடைய காலுக்கு உழைச்செல்வான் யார்? உள்ளவரின் காலத்தை இல்லாதவரின் உடலிலிருந்து வாங்கும் ஏற்பாட்டை நாம் தீர்வு என்று ஏற்க முடியாது. பேணுதல் தேர்ச்சியும் ஊதியமும் ஓய்வும் உள்ள தொழிலாக மதிக்கப்படல் வேண்டும். உழைச்செல்வானை மருத்துவனோடு ஒரே வரிசையில் எண்ணிய வள்ளுவரின் நோக்கு இங்கு நமக்குத் துணையாகிறது. அவனுக்கு வேண்டிய குணங்களுள் நோயாளியிடத்து அன்பையும் அறிவுடைமையையும் பரிமேலழகர் சேர்த்துச் சொன்னதும் கருதத்தக்கது.

இனி, புதிய மூட்டு எத்தகைய வாழ்வுக்காக வடிக்கப்பட்டது என்ற கேள்வி. நல்ல பயன் கண்டவர்க்கு அது பொதுவாக நூற்றுப்பத்து, நூற்றிருபது பாகை மடங்கும். கதிரையில் இருக்கவும் படியேறவும் அது போதும். முழுக்கக் குந்தவும் சம்மணமிடவும் போதாது. முழந்தாளிடுதலும் பலர்க்கு நோவாயிருக்கும். மிகுதியாக மடங்கும் என்று கூறிச் சில வகைகள் கூடிய விலைக்கு விற்கப்பட்டன. ஆய்வுகளில் அவை சாதாரண வகையிலிருந்து பெரிதாக வேறுபடவில்லை. நம்மவர் வாழ்வோ பாயிலும் பலகையிலும் நிலத்திலும் அமைந்தது. பந்தியில் சம்மணமிட்டுண்ணுவதும், செத்தவீட்டில் நிலத்திலிருந்து அழுவதும், நல்லூர்த் திருவிழாவில் பெண்கள் அடியழிப்பதும் முழங்காலின்றி நடவா. இவற்றை இழத்தல் சிறிய இழப்பன்று. சிகிச்சைக்கு முன்பே இதனை நோயாளர்க்கு எடுத்துச் சொல்லாதிருத்தல் பெரிய தவறு.

உறுப்பை வாழ்வுக்கேற்ப அமைத்த முயற்சியொன்று நம் அண்டை நாட்டில் நடந்தது. மேனாட்டுச் செயற்கைப் பாதம் சப்பாத்துக்காக வடிக்கப்பட்டது. குந்தவோ சேற்றில் நடக்கவோ அதனால் இயலவில்லை. வாங்கிய ஏழைகள் அதைக் கழற்றி வைத்துவிட்டு ஊன்றுகோலுக்குத் திரும்பினர். 1968இல் ஜெய்ப்பூரில் இராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் பிரமோத் கரண் சேத்தி என்ற சத்திரசிகிச்சை நிபுணரும் சேர்ந்து, வெறுங்காலோடு வயலில் நடக்கவும் குந்தவும் சம்மணமிடவும் ஏற்ற இறப்பர்ப் பாதத்தைச் செய்தனர். பள்ளிப்படிப்பு மிகாத தொழிலாளியின் கையறிவும் மருத்துவரின் நூலறிவும் ஒரே மேசையில் சமமாக இருந்ததால் விளைந்தது அது. போரில் காலிழந்தோர்க்காக 1987இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய ஜெய்ப்பூர் நிலையம் இக்கலையை நம் மண்ணுக்குக் கொண்டுவந்தது. முழங்கால் மூட்டிலும் இத்தகைய முயற்சி வருமா என்பதை எதிர்காலம் காட்டும். அதுவரை மூட்டுக்கேற்ப வாழ்வை மாற்றத்தான் வேண்டும். அம்மாற்றத்தின் செலவை யார் ஏற்பது என்பதே நீதியின் கேள்வி.

நிலத்திலிருத்தல் நம் பண்பாடு, கதிரை அந்நியம் என்று பேசுவாரும் உளர். அவர்கள் நம் ஊரின் வரலாற்றை ஒருமுறை புரட்டிப் பார்த்தல் நன்று. 1920களில் தோன்றிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பாடசாலைகளில் சம ஆசனம் கோரியபோது, மற்றவர் வாங்கிலிருக்க ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் நிலத்திலோ வெளியிலோ இருத்தப்பட்டிருந்தனர். நிலம் எல்லார்க்கும் ஒரே பொருளுடையதாக இருந்ததில்லை. சிலர்க்கு அது விருப்பம். பலர்க்கு விதிக்கப்பட்ட இடம். உயர்த்திய அடுப்பும், கைப்பிடியுள்ள கதிரையும், இருந்து போகும் மலசலகூடமும் ஆடம்பரம் என்ற எண்ணம் இவ்விதிப்பின் எச்சமே. தேய்வதற்கு முன்பே அவை தோட்டத் தொழிலாளியின் வீட்டுக்குச் சென்றிருந்தால் பல முழங்கால்கள் கத்திவரை வந்திரா.

நோயாளரின் அறிவைப் பற்றியும் ஒரு சொல். 1847இல் இங்கு வந்து மானிப்பாயில் மருத்துவம் நடத்திய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். அவருடைய முயற்சியால் 'இரண வைத்தியம்' முதலிய நூல்கள் தமிழில் வெளிவந்தன. சத்திரசிகிச்சை நூல் தமிழில் அச்சாகி ஒன்றரை நூற்றாண்டு கடந்த பின்னும், தமிழன்றி வேறறியாத நோயாளரின் கையில் ஆங்கிலத்தில் எழுதிய பயிற்சித்தாள் சென்று சேருமாயின் அது நமக்கு இழுக்கு. தம் காலில் என்ன செய்யப்படும், என்ன கிடைக்கும், என்ன கிடையாது, எத்தனை வாரம் யார் துணை வேண்டும் என்பவற்றை விளங்கிக்கொண்டவரே உண்மையில் சம்மதம் தந்தவர். விளங்காமல் இட்ட கையொப்பம் ஒரு தாளின்மேல் விழுந்த மை.

செய்யவேண்டியவை நம் கைக்கு எட்டாத் தொலைவில் இல்லை. ஊர்தோறும் சனசமூக நிலையங்கள் உள்ளன. பத்திரிகை வாசிக்கும் அம்மண்டபத்தின் ஒரு மூலையில் இரண்டு நடைச் சட்டங்களும் ஓர் உயர்கதிரையும், குந்தும் மலசலகூடத்தின்மேல் வைக்கும் துளைக் கதிரையொன்றும் இரவலுக்கு இருக்கலாம். மாதர் சங்கங்கள் ஆறு வாரத்துக்கு முறைபோட்டுச் சோறு கொடுக்கலாம்; நம் ஊர்களில் செத்தவீட்டுக்கு அயலார் சோறு கொடுப்பதுபோல், எழுந்து நடக்க முயல்பவர்க்கும் கொடுக்கலாம். விஞ்ஞானம் பயிலும் மாணவர் பயிற்சித்தாள்களை நல்ல தமிழில் எழுதிப் படங்களோடு ஒட்டலாம். எனினும் அயலாரின் நல்மனத்தோடு இதனை நிறுத்துவோமானால் 1850க்கே, தருமத்துக்கே, திரும்பிச் செல்வோம். சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுதோறும் வீடு தேடி வரும் இயன்மருத்துவர் வேண்டும். நாட்கூலி உழைப்பாளருக்கு, குறிப்பாகத் தோட்டத்திலும் வீட்டிலும் உழைக்கும் பெண்களுக்கு, உடல் தேறும் காலத்துக்கு ஊதியம் வேண்டும். இவை கோரிக்கைகளாக எழுதப்பட்டு, தொழிற்சங்க மேடைகளிலும் பிரதேச சபைகளிலும் பேசப்படல் வேண்டும்.

கட்டணத்தை ஒழித்த தலைமுறை ஒரு பெரிய வேலையின் முதற்பாதியைச் செய்தது. நோயாளியின் தகுதிப் பட்டியலிலிருந்து பொருளுடைமை உண்மையாகவே நீங்கவேண்டுமானால், நோயுற்றவர் கூலி இழக்காமல் தம் காலை மடக்கி நீட்டும் அந்தப் பன்னிரண்டு வாரமும் சிகிச்சையின் பகுதியென்று சட்டம் ஏற்றல் வேண்டும். மற்றப்பாதி அதுவே. அதைச் செய்யும் பொறுப்பு நம் தலைமுறையிடம் நிற்கிறது.